வில் வாங்குமுன் கொம்பு தேடுங்கள்

விஸ்கான்சினுக்கு வந்து சேரும் நம் ஊர்க்காரர்கள் இரண்டாவது குளிர்காலம் முடிவதற்குள் என்னிடம் கேட்டுவிடுவார்கள்: "அக்கா, ஒரு வில் என்ன விலை ஆகும்?" வேலையிடத்தில் யாராவது மான் கறி ஜெர்க்கி கொடுத்திருப்பார்கள், ஆசை பிடித்திருக்கும். நான் சொல்லும் பதில் ஒன்றுதான். வில் இருக்கட்டும். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாருங்கள், உதிர்ந்த மான்கொம்பு தேடப் போகலாம்.

இதற்கு லைசென்ஸ் வேண்டாம். எதுவும் சாவதில்லை, அதனால் வீட்டில் சைவக்காரர்கள் இருந்தால் அவர்களும் வரலாம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அம்பு எய்வதை ஒரு கோடைக்குள் பழகிவிடலாம். மான் எங்கே படுக்கிறது, எங்கே மேய்கிறது, எந்த வழியாகப் போய்வருகிறது என்பதை நடந்துதான் தெரிந்துகொள்ள முடியும். இலையெல்லாம் உதிர்ந்து, பனி உருகி, புல் இன்னும் முளைக்காத அந்தச் சில வாரங்களில் காடு எதையும் மறைப்பதில்லை. போன நவம்பரில் ஆண் மான் கொம்பை உரசித் தோலுரித்த மரம், காலால் மண்ணைக் கீறிவைத்த இடம், மான்தடம் எல்லாம் அப்படியே தெரியும். அக்டோபரில் வேட்டைக்கென்று உள்ளே போய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு திரிந்தால் மானைத்தான் கலைத்துவிடுவோம். மார்ச்சில் கலைத்தால் அக்டோபருக்குள் அது மறந்திருக்கும்.

நான் இருப்பது லா கிராஸில், மிசிசிப்பி ஆற்றங்கரை. தென்கிழக்கே முக்கால் மணி நேரம் ஓட்டினால் வெர்னான் கவுன்டி, கிக்கப்பூ ஆற்றுப் பள்ளத்தாக்கு. பனியுகத்தில் சுற்றுவட்டாரத்தையெல்லாம் மட்டமாக்கிய பனிப்பாறைகள் இந்தப் பகுதியைத் தொடவில்லை. ட்ரிஃப்ட்லெஸ் என்பார்கள். அதனால் இங்கே செங்குத்தான சரிவுகள், மேலே மக்காச்சோள வயல், நடுவே ஓக் காடு, கீழே ஓடை. நான் சொல்லப்போவது இந்த நிலத்துக்குப் பொருந்தும். உங்கள் ஊர் சமவெளி என்றால் சரிவைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கொம்பு எப்படி விழுகிறது

இங்கே இருப்பது வெள்ளைவால் மான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொம்பு வாழ்நாள் முழுக்கத் தங்கும். மானின் கொம்பு முழுக்க எலும்பு, வருடா வருடம் விழுந்து புதிதாக முளைப்பது. வசந்தத்தில் தொடங்கி, மெல்லிய ரோமத்தோல் போர்த்தபடி கோடை முழுக்க வளரும். ஆகஸ்ட் முடிந்து செப்டம்பர் பிறக்கும் சமயத்தில் தோல் காய்ந்து உரிந்துவிடும். நவம்பரில் இணைசேரும் பருவம். அது முடிந்ததும் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறையும். கொம்பும் மண்டையும் சேரும் இடத்தில் இருக்கும் செல்கள் எலும்பை அரித்துத் தின்னத் தொடங்கும். பிறகு ஒரு நாள் வேலி தாண்டும்போதோ தலையைச் சிலுப்பும்போதோ கழன்று விழுந்துவிடும். இரண்டும் ஒரே நாளில் விழவேண்டும் என்பதில்லை.

விஸ்கான்சினில் டிசம்பர் கடைசியில் ஆரம்பித்து மார்ச் முடிய விழுந்துகொண்டே இருக்கும். ஜனவரியிலேயே கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மான் குளிர்காலத்தை ஓட்டுவது இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான். பனியில் நாம் அதைத் துரத்தித் துரத்தி எழுப்பினால் அந்தக் கையிருப்புதான் கரையும். போதாக்குறைக்கு, கொம்போடு இருக்கும் மானை நாமே விரட்டினால் அது பக்கத்துக்காரர் நிலத்தில் போய்க் கொம்பைப் போடும். மேற்கு மாநிலங்களில் இதற்குச் சட்டமே இருக்கிறது. கொலராடோவில் மேற்குப் பாதிப் பொது நிலங்களில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை கொம்பு பொறுக்கத் தடை. இங்கே அப்படித் தேதி எதுவும் இல்லை. நான் மார்ச் நடுவில், தென்சரிவில் பனி உருகியதும் தொடங்குவேன். ஏப்ரல் நடுவுக்குள் முடித்துவிடுவது நல்லது. அதற்குப் பிறகு புல் மூடிவிடும். அணிலும் எலியும் சுண்ணாம்புச் சத்துக்காகக் கொறித்துத் தள்ளிவிடும். வான்கோழி வேட்டையும் தொடங்கிவிடும். அந்தச் சமயம் காட்டுக்குள் போனால் சிவப்பு, வெள்ளை, நீலம் உடுத்தாதீர்கள். ஆண் வான்கோழியின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும்.

எங்கே தேடுவது

முதலில் அனுமதி. விஸ்கான்சினில் தனியார் நிலத்துக்குள் கேட்காமல் நுழைந்தால் குற்றம். அறிவிப்புப் பலகை இல்லை என்பது சாக்காகாது. பகலில் போங்கள், சாதாரண உடையில் போங்கள், உருமறைப்புச் சட்டை வேண்டாம். கதவைத் தட்டி என்ன சொல்வது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வழி: மான்கொம்பு டிராக்டர் டயரைக் கிழித்துவிடும், பெரிய டயருக்கு விலை அதிகம், விவசாயிக்கு அது தெரியும். "உழவுக்கு முன்னால் உங்கள் வயலில் கொம்பு கிடந்தால் பொறுக்கிக் கொடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். எனக்கு இடம் கொடுத்த முதியவர் பால்பண்ணை வைத்திருந்தவர். யோசிக்கவே இல்லை. "எவ்வளவு வேணும்னாலும் பொறுக்கிக்கோ, கேட்டை மட்டும் சாத்திட்டுப் போ" என்றார். கேட்டைச் சாத்துங்கள். அடுத்த வருடமும் அனுமதி வேண்டுமென்றால் அதைவிட முக்கியம் வேறில்லை.

குளிர்காலத்தில் மானுக்கு வேண்டியது இரண்டு: தீனி, வெயில். அறுவடையில் சிந்திய மக்காச்சோளமும் சோயாவும் கிடக்கும் வயல்கள், குதிரைமசால் என்ற தீவனப்பயிர் வயல், இவை தீனிக்கு. படுக்க, வடமேற்குக் காற்று படாத தெற்குச் சரிவு. நம் பக்கத்துச் சரிவுகளில் முகட்டுக்குச் சற்றுக் கீழே சிடார் மரங்கள் நிற்கும் மேடுகளைத் தேடிப் பாருங்கள். பனி முழுக்க உருகாத நாளில் போனால் மான் படுத்த இடம் நீள்வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும், பக்கத்தில் புழுக்கை குவிந்திருக்கும். அங்கிருந்து வயலுக்குப் போகும் தடத்தைப் பிடித்து நடங்கள். வழியில் கம்பிவேலி தாண்டும் இடம், ஓடை தாண்டும் இடம் வந்தால் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். தாவி இறங்கும் அதிர்ச்சியில் கழலும்.

வடக்குச் சரிவில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பார்க்கும் விதம்

கொம்பு கண்டுபிடிக்கத் தெரியாதவர்கள் தூரத்தில் பார்க்கிறார்கள். தெரிந்தவர்கள் காலடியில் பார்க்கிறார்கள். பத்தடி, பதினைந்தடி, அவ்வளவுதான். சுள்ளிகளுக்கு நடுவே அதுவும் ஒரு சுள்ளி மாதிரியே கிடக்கும். பெரும்பாலும் முழுக் கொம்பு தெரியாது. இலைக்கு மேலே ஒரு கிளையின் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது ஒரு வளைவு. மரக்கிளை ஒடிந்து மடங்கும். இப்படி வழவழவென்று வளையாது. கண்ணுக்கு அந்த வளைவைப் பழக்க, போகுமுன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பழைய கொம்பை எறிந்துவிட்டு அதைப் பல பக்கத்திலிருந்தும் பாருங்கள். என் மகள் இதை விளையாட்டாகவே செய்வாள், என்னைவிட வேகமாகப் பழகிவிட்டாள்.

நல்ல வெயில் நாள் இதற்கு ஆகாது. நிழலும் பளபளப்பும் கண்ணைக் குழப்பும். மேகமூட்டம், முந்தின நாள் மழை, அதுதான் நாள். நனைந்த ஓக் இலை கருத்துப்போயிருக்கும், எலும்பு வெளுப்பு தனியாகத் தெரியும். மெதுவாக நடங்கள். அடிக்கடி நின்று திரும்பிப் பாருங்கள், போகும்போது மரம் மறைத்தது வரும்போது தெரியும். ஒன்று கிடைத்தால் பையில் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். அந்த இடத்தை ஆன்எக்ஸ் என்ற வரைபடச் செயலியில் குறித்துவிட்டு, சுற்றிச் சுற்றி வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். ஜோடி சில அடியில் கிடக்கலாம், பக்கத்து மலையிலும் கிடக்கலாம்.

கையில் எடுத்ததும் அடியைத் திருப்பிப் பாருங்கள். மண்டையில் ஒட்டியிருந்த பகுதி லேசாகக் குவிந்து சொரசொரவென்றிருக்கும். விளிம்பில் காய்ந்த ரத்தக் கறை இருந்தால் விழுந்து அதிக நாள் ஆகவில்லை. அதைச் சுற்றி முத்துமுத்தாகக் கரடு. கரட்டை ஒட்டிப் பழுப்பு நிறம், அது மரத்தில் உரசி உரசி ஏறிய பட்டைச்சாறு. நுனிகள் மட்டும் அதே உரசலில் தேய்ந்து வெளுத்துப் பளபளக்கும். வெயிலும் மழையும் பட்டு ஒரு வருடம் கிடந்தது என்றால் பழுப்பு போய்ச் சுண்ணாம்பு வெள்ளையாகி, நீளவாக்கில் வெடிப்பு விட்டிருக்கும். அணில் பட்டிருந்தால் விளிம்பில் இணைகோடுகளாகப் பல்தடம். வலதா இடதா என்று அறிய நெற்றிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்டு முன்னோக்கி உள்வளைய வேண்டும், கிளைகள் மேலே நிமிர்ந்து நிற்க வேண்டும். எந்தப் பக்கத்தில் அப்படிப் பொருந்துகிறதோ அந்தப் பக்கத்துக் கொம்பு. தொலைபேசியில் இதை அம்மாவிடம் சந்தோஷமாக விவரித்தால், "ஏம்மா, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்பார். சொல்லிப் புரியாது. எலும்புதானே என்று தோன்றும், கையில் எடுக்கும்வரை.

மண்டையோட்டோடு ஒட்டிய கொம்பு கிடந்தால் தொடாதீர்கள். அது உதிர்ந்ததல்ல, செத்த மான். மாநில இயற்கை வளத் துறையின் வார்டனுக்குப் போன் செய்து அனுமதி வாங்கிய பிறகே எடுக்கலாம். தேசியப் பூங்காக்களில் உதிர்ந்த கொம்பையும் எடுக்கக் கூடாது. சிலர் தீனி வைத்து, கொம்பு மாட்டிக் கழல வேண்டுமென்று கம்பி கட்டிவைப்பார்கள். மான் அதில் சிக்கிச் சாகும். அந்த ஆட்களோடு சேராதீர்கள்.

அப்புறம் உண்ணி. பனி உருகி வெப்பநிலை நாலைந்து டிகிரி செல்சியஸைத் தொட்டாலே மான் உண்ணி வெளியே வந்துவிடும், லைம் நோய் அதனால்தான் பரவுகிறது, விஸ்கான்சினில் அது நிறையவே இருக்கிறது. பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து தெளித்துக் காயவைத்த பேன்ட், அதன் மேல் ஏற்றிவிட்ட சாக்ஸ். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதோரம், தலைமுடி எல்லாம் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கும்.

சரி, வில்லுக்கு வருவோம்

கிடைத்த கொம்பு என்ன சொல்கிறது? இந்த மான் துப்பாக்கிப் பருவத்தைத் தாண்டிப் பிழைத்திருக்கிறது என்று சொல்கிறது. நவம்பரில் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கும் அந்த ஒன்பது நாளில் இந்த மாநிலத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் துப்பாக்கியோடு இறங்குகிறார்கள். அதில் தப்பிய மான் அடுத்த இலையுதிர் காலத்தில் இன்னும் பெரிய கொம்போடு வரும். ஆனால் கொம்பு கிடந்த இடத்திலேயே பரண் கட்டாதீர்கள். அது அதன் குளிர்கால வீடு. அக்டோபரில் வெள்ளை ஓக் கொட்டை உதிரும் இடத்தில் இருக்கும். மார்ச்சில் பார்த்த உரசல் மரங்கள் வரிசையாக எந்தத் திசையில் போகின்றன என்று குறித்து வையுங்கள், அந்த வரிசையும் ஓக் காடும் சந்திக்கும் இடம்தான் பரணுக்கு.

1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். பிறகு மாநிலத்தின் 'கோ வைல்ட்' இணையதளத்தில் வில் லைசென்ஸ். வில் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை போகும். இந்த மண்ணுக்கு இதில் பழம்பெருமை உண்டு. நவீன காலத்தில் வில்லுக்கென்றே தனிப் பருவம் 1934இல் இங்கே சாக், கொலம்பியா கவுன்டிகளில்தான் ஆரம்பித்தது. சாக் கவுன்டியில்தான் ஆல்டோ லியோபோல்டின் மரக்குடிசையும் இருக்கிறது. வனவிலங்கு மேலாண்மையைப் பாடமாக்கிய அந்த மனிதர் தன் வில்லைத் தானே செதுக்கியவர். எய்வதில் அவரைவிட அவர் மனைவி எஸ்டெல்லா கெட்டிக்காரர், மாநில மகளிர் பட்டத்தைப் பலமுறை வென்றவர்.

வில் எடுக்கும்போது அளவுதான் முதலில். கை இரண்டையும் விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து, இஞ்சில் வருவதை 2.5ஆல் வகுங்கள். எனக்கு 62 இஞ்சு, ஆகவே நாண் இழுக்கும் நீளம் ஏறக்குறைய 25. 28 இஞ்சு இழுக்க அமைத்த வில்லை யாரோ மலிவாக விற்கிறாரென்று வாங்கினால் நமக்குப் பொருந்தாது. இழுவிசைக்கு, அதாவது நாணை இழுக்க வேண்டிய பலத்துக்கு, விஸ்கான்சின் சட்டம் கேட்பது குறைந்தது 30 பவுண்டு. 40 இருந்தால் தொடங்கப் போதும். 70 பவுண்டு இழுத்தால்தான் ஆள் என்று பேசுகிறவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்காமல் நேராக இழுக்க முடிகிறதா? முடிந்தால் அதுதான் உங்கள் இழுவிசை. குளிரில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த பிறகும் அப்படி இழுக்க வேண்டியிருக்கும். இழுத்துப் பிடித்துக் காத்திருப்பது சிரமமில்லை. மிசூரிக்காரர் ஹாலஸ் வில்பர் ஆலன் கண்டுபிடித்து 1969இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்ட் வில்லில் உருளைகள் பாரத்தை வாங்கிக்கொள்ளும். 40 பவுண்டு வில்லை முழுக்க இழுத்தபின் கையில் நிற்பது எட்டு, பத்து பவுண்டுதான்.

பயிற்சிக்கு 20 கஜம். நவம்பரில் போடும் தடி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே எய்யுங்கள், நாண் கையில் உரசுகிறதா என்று இப்போதே தெரியட்டும். ஒரு நாளில் எய்யும் முதல் அம்பைத்தான் கணக்கில் எடுங்கள். மானுக்கு முன்னால் பத்தாவது அம்பு கிடைக்காது.

பரணில் ஏறும்போது தரையிலிருந்தே ஹார்னஸ் என்ற பாதுகாப்புப் பட்டை மாட்டிக் கயிற்றில் பிணைத்திருக்க வேண்டும். வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறக் கூடாது. ஏறிக் கட்டிக்கொண்ட பிறகு கயிற்றால் மேலே இழுங்கள். வில் வேட்டையில் அடிபடுகிறவர்களில் அதிகம் பேர் விழுந்து அடிபடுகிறவர்களே.

மீதி எல்லாம் காற்று. மானின் மூக்கை ஏமாற்ற எந்த ஸ்பிரேயாலும் முடியாது என்பது என் கட்சி. இங்கே சாலையோரம் மில்க்வீட் என்றொரு செடி, நம் எருக்கின் குடும்பம். கிள்ளினால் அதே பால், காய் வெடித்தால் அதே பட்டுப்பஞ்சு. செப்டம்பரில் நாலைந்து காயைப் பறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். பரணில் உட்கார்ந்து ஒரு விதையைப் பஞ்சோடு விடுவேன். காற்றுத் திசை பார்க்கச் சிலர் தூவும் பவுடர் கண்ணெதிரே கரைந்துவிடும், இது வெகுதூரம் தெரியும். நேராகப் போகும், ஓடைப்பள்ளம் வந்ததும் சட்டென்று இறங்கும், சில சமயம் சுழன்று நம் பின்னாலேயே வந்து நிற்கும். நம் வாசனை போகும் பாதை அதுதான். மலைச்சரிவில் வெயில் ஏற ஏறக் காற்று மேலேறும், மாலையில் குளிர்ந்து கீழிறங்கும். அதனால் ஒரே பரண் காலைக்கும் மாலைக்கும் சரிப்படாது. ஒரு மாலை முழுக்க மான் எதுவும் வராமல் பஞ்சு விட்டுக்கொண்டே இருந்ததுண்டு. அந்த மாலைகளை வீணென்று நான் எண்ணுவதில்லை.

எய்ய வேண்டிய சமயம்: மான் முழுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது சற்றே நம்மை விட்டு விலகித் திரும்பியிருக்க வேண்டும். முன்னங்காலுக்குப் பின்னே, நுரையீரல். நேரெதிரே நம்மைப் பார்த்து நின்றால் விட்டுவிடுங்கள். பட்டதும் இறங்கி ஓடாதீர்கள், அரை மணியாவது உட்காருங்கள். அம்பில் இளஞ்சிவப்பாக நுரைத்த ரத்தம் என்றால் நுரையீரல், மான் பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நாலு மணி நேரம் காத்திருங்கள். பச்சையாக நாற்றத்தோடு இருந்தால் குடல். எட்டு மணி நேரத்துக்கு மேலாகக் காத்திருக்க வேண்டும், இரவானாலும். அவசரப்பட்டுத் துரத்தினால் அது எழுந்து ஓடி எங்கோ போய்ச் செத்து வீணாகும்.

மானை அடுத்த நாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்ய வேண்டும். 2002 முதல் விஸ்கான்சினில், குறிப்பாகத் தெற்குப் பக்கத்தில், சி.டபிள்யூ.டி. என்ற மூளை நோய் மான்களில் இருக்கிறது. தலையைச் சோதனைப் பெட்டியில் போட்டுவிட்டு, கறியைச் சீட்டு ஒட்டி ஃப்ரீசரில் வையுங்கள். முடிவு வரும்வரை சமைக்காதீர்கள். நோய் இருந்தால் சாப்பிட வேண்டாம் என்பதுதான் மருத்துவத் துறையின் அறிவுரை. சுத்தம் என்று வந்துவிட்டால் முதுகுக்கறியை மிளகும் தேங்காய்ப்பல்லும் போட்டுச் சுக்காவாக வறுங்கள். வெள்ளைக் கொழுப்பை மட்டும் முழுக்க அரிந்து எறிந்துவிடுங்கள், ஆறினால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பொறுக்கிய கொம்புகளை என்ன செய்வது? கத்திப்பிடி செய்யலாம், நாய்க்குக் கடிக்கக் கொடுக்கலாம், என்னைப் போல ஜன்னலில் அடுக்கிவைத்துத் தூசி தட்டிக்கொண்டிருக்கலாம். ஊருக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே வேட்டைக்கு இடமில்லை, காட்டில் தானாக விழுந்த புள்ளிமான் கொம்பைக் கூட வீட்டில் வைத்திருந்தால் வழக்கு வரும். மாமா வீட்டு வரவேற்பறைக்கு அழகாக இருக்கும் என்று பெட்டியில் வைத்துவிட்டு, இது வெள்ளைவால் மான், வெர்னான் கவுன்டியில் கீழே கிடந்தது என்று சென்னை சுங்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். போட்டோ எடுத்து அனுப்புங்கள்.